நத்தை ஓட்டிய வண்டி

மற்றவர்கள் பத்தவைத்தால் ஒரு குடும்பம் இரண்டாகும். இவர் பத்தவைத்தால் இரண்டு இரும்பு ஒன்றாகும். இந்த வேடிக்கையைச் சொல்லிச் சொல்லியே தெருக்காரர்கள் அந்த வெல்டருக்குப் ‘பத்தவெப்பு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று இரும்பில் என்ன கேட்டாலும் செய்துகொடுப்பார். தகரக் கூரை போட்ட பட்டறை முன்னால், வீடு பின்னால். நடுவில் துணி காயப் போடும் அளவுக்கு ஒரு முற்றம்.

வேலையில் ஆள் கெட்டி. அவர் போட்ட வெல்டிங் மீன் செதில் அடுக்கியதுபோல ஒரே சீராக ஓடும். கோபமும் அதே அளவுக்குக் கெட்டி. ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் புது கேட்டைச் சுத்தியலால் தட்டி, “தாங்குமா?” என்று கேட்டுவிட்டார். பத்தவெப்பு கீல்களைக் கழற்றினார், கேட்டை வண்டியில் ஏற்றினார், திரும்பி வந்துவிட்டார். அந்த வீடு வாசல் கதவே இல்லாமல், நாய்க் காவலில் ஒரு வாரம் கிடந்தது. “கேள்வி கேட்டது அவரு வாய், தண்டனை அனுபவிச்சது அவரு நாய்” என்று பத்தவெப்பின் தங்கச்சி மாப்பிள்ளை அதைப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

தங்கச்சியும் மாப்பிள்ளையும் அதே வீட்டின் மாடி அறையில் குடியிருந்தார்கள். தங்கச்சி ஒரு கம்பெனிக்குப் பள்ளிக்கூடப் பைகள் தைத்துக்கொடுத்தாள். மாப்பிள்ளை அந்தப் பைகளைச் சுமக்கும் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேனை ஓட்டினார். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி பொருத்திய வேன் அது. பத்தாததற்கு மாப்பிள்ளையே குழி, மேடு, நாய், கோழி எல்லாவற்றுக்கும் நின்று வழிவிட்டுத்தான் போவார். பிள்ளைகள் வைத்த பெயர் ‘நத்தை’. அவரும் அதற்கு வருத்தப்பட்டதில்லை. “நத்தை எங்கயாச்சும் கவுந்து பாத்திருக்கீங்களா?” என்பார்.

நாள் முழுக்க அப்படி ஊர்ந்த மனுஷனுக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை புழுங்கிக்கொண்டிருந்தது. அவரிடம் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் இருந்தது. எஞ்சின் தேய்ந்து, ஏற்றத்தில் இரண்டு காலையும் ஊன்றித் தள்ளவேண்டிய நிலைமை. ஒருநாள் மச்சானுக்காக இரும்புத் தண்டு கடைய லேத் பட்டறைக்குப் போனவர், அங்கே மூலையில் துணி மூடிக் கிடந்த ஒரு பெரிய எஞ்சினைப் பார்த்துவிட்டார். ஒற்றை சிலிண்டர், குடம் மாதிரி பருத்த உருவம். துருப்பிடித்து உளுத்துப்போன ஒரு கனத்த வண்டியிலிருந்து லேத்காரர் கழற்றி வைத்தது. அன்றைக்குத் திரும்பி வந்தவர் தண்டை மறந்துவிட்டு எஞ்சினோடு வந்து நின்றார்.

“மச்சான், இதை என் வண்டியில உக்கார வெச்சுத் தரணும்.”

பத்தவெப்பு எஞ்சினைப் பார்த்தார், சுவரோரம் நின்ற எலும்பும் தோலுமான வண்டியைப் பார்த்தார். “ஆட்டுக்குட்டி மேல அம்மிக்கல்லை ஏத்தச் சொல்றீங்க.”

“ஆட்டுக்குட்டியை நீங்க குதிரையாக்கிட மாட்டீங்களா?”

அந்த ஒரு வார்த்தை போதும். புகழ்ச்சிக்கு மயங்காதவர் என்று பத்தவெப்பு தன்னைப் பற்றி நினைத்திருந்தார். மாப்பிள்ளையிடம் மட்டும் அந்த நினைப்பு எடுபடாது.

ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த வண்டிக்குப் போயின. பழைய எஞ்சின் இருந்த இடத்தில் புது எஞ்சினின் பாதிகூட நுழையவில்லை. ஹேண்டிலைத் தாங்கும் கழுத்துக் குழாயிலிருந்து எஞ்சினுக்கு முன்னால் இறங்கும் குழாயை அறுத்து எறிந்துவிட்டு, தடித்த குழாய் ஒன்றை வளைத்து, கொஞ்சம் முன்னால் தள்ளி, கழுத்தோடு சேர்த்துப் பத்தவைத்தார் பத்தவெப்பு. எஞ்சினைத் தாங்க இரண்டு பக்கமும் கனத்த தகடு வெட்டினார். மாப்பிள்ளை எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல மண்ணெண்ணெய்த் துணியால் சூடு தணிக்க அதைச் சுற்றி அடுக்கிய உலோகத் துடுப்புகளுக்கு இடையே அழுக்கெடுத்தார். மாடியிலிருந்து தையல் மிஷின் சத்தம் நின்று நின்று கேட்கும். “ரெண்டு பேரும் சாப்பிட வர்றீங்களா, இல்ல அதையே கடிச்சுத் தின்னுக்கிறீங்களா?” என்று பத்தவெப்பின் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

எல்லாம் பொருந்தி செயினை மாட்டிய அன்று ஒரு சின்ன சம்பவம் நடந்தது. மாப்பிள்ளை பின்னால் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “மச்சான், செயின் ஒரு நூல் வெளிய நிக்குதோ?” என்றார். பத்தவெப்பின் முகம் இறுகியது. கையிலிருந்த ஸ்பேனரைத் தொப்பென்று போட்டார்.

“அப்ப வேற ஆளை வெச்சுப் பாத்துக்கங்க. நாளைக்கே எல்லாத்தையும் அறுத்துப் போட்டுடறேன்.”

அவ்வளவுதான். பல நாள் பேச்சு இல்லை. தங்கச்சி நடுவில் நின்று இங்கே ஒரு சமாதானம், அங்கே ஒரு சமாதானம் என்று ஏறி இறங்கினாள். கடைசியில் பத்தவெப்பு யாருக்கும் தெரியாமல் பின்சக்கரத்துக்கு ஒரு வாஷர் போட்டு அந்த ஒரு நூலைச் சரி செய்தார். சரி செய்ததாகச் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் கவனித்ததாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த வண்டியில் ஒரு குறையும் சொன்னதே இல்லை. பத்தவெப்புக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

எஞ்சின் முதலில் மிரண்டது. உதைத்தால் இருமியது, புகை கக்கியது, சைலன்சர் வழியே பட்டாசு வெடித்தது. கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்புவதும், தெருமுனை வரை ஓட்டிப் போய் வந்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுமாக இருவரும் கிடந்தார்கள். பிளக்கின் மூக்கு கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பற்றாக்குறை. அது காய்ந்த மரப்பட்டையின் நிறத்துக்கு வந்த அன்று எஞ்சின் சத்தமும் மாறியது. நிதானமாக, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, வயிற்றில் அதிர்ந்தது. மாப்பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நின்றார். “நெஞ்சு மச்சான். இதுக்கு நெஞ்சு வந்துடுச்சு.”

ஒன்றுதான் அடங்கவில்லை. ஓரளவு வேகம் பிடித்ததும் வண்டி நடுங்கியது. கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி இரண்டாகத் தெரிந்தது. எஞ்சின் தகடுகளுக்கு இடையே ரப்பர் வைத்தார்கள், பிளக்கில் பொறி விழும் நேரத்தைத் தள்ளிப் பார்த்தார்கள். குறைந்தது, முழுக்கப் போகவில்லை. பிறகு வண்டி மாப்பிள்ளை கைக்குப் போயிற்று. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, வேனை நிறுத்திவிட்டு, ஊருக்கு வெளியே போகும் பெரிய சாலையில் ஒரு சுற்று. அதுதான் அவருடைய சந்தோஷம்.

“நடுக்கம் எப்படி இருக்கு மாப்ளே?” என்று பத்தவெப்பு அவ்வப்போது கேட்பார்.

“எங்க மச்சான், வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகுது.”

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஒருநாள் காலை அந்தச் சாலையிலிருந்து திரும்பி வரவில்லை. பாலத்தின் நடுவே, சிமென்ட் பலகைகள் சேரும் பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கியபோது முன்சக்கரம் தனியாக மடங்கிவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கைப்பிடிச் சுவரில் தலை மோதியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதிவேகம் என்றது போலீஸ். ஊரும் அதையே சொன்னது. நத்தைக்கு இறக்கை முளைத்தால் இப்படித்தான் என்று டீக்கடையில் எவனோ சொன்னது பத்தவெப்பின் காதிலும் விழுந்தது. அவர் சண்டைக்குப் போகவில்லை. முன்சக்கரம் தனியாக மடங்கியது என்ற சொல் மட்டும் அவர் நெஞ்சில் ஆணியாக இறங்கியிருந்தது. சக்கரம் மடங்கவேண்டுமானால் கழுத்து விட்டிருக்கவேண்டும். கழுத்தைப் பத்தவைத்தது யார்?

விசாரணை முடிந்து வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பட்டறைக்குப் பின்னால் சுவரோரம் போட்டுத் தார்ப்பாயால் மூடினார். பார்க்கவில்லை. உடைந்த இரும்பு பொய் சொல்லாது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கே உடைந்ததென்றால் உடைந்த முகம் வெள்ளையாகப் பளபளக்கும்; முன்பே விரிசல் விட்டிருந்தால் அந்த இடம் கறுத்து, துரு ஏறியிருக்கும். தார்ப்பாயைத் தூக்கினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அந்த ஒரு நொடிக்குத்தான் அவர் பயந்தார்.

தங்கச்சி மாடி அறையைப் பூட்டிவிட்டுக் கீழே வந்துவிட்டாள். அண்ணியோடு படுத்துக்கொண்டாள், அண்ணியோடு சாப்பிட்டாள். அண்ணன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அவர் அறைக்குள் வந்தால் எழுந்து வேறு வேலைக்குப் போனாள். “அண்ணி, அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்து வைங்க” என்று அவர் காதுபடவே அண்ணியிடம் சொன்னாள். தன்மேல் பழி போடுகிறாள் என்று அவர் நினைத்தார். போடட்டும், நியாயம்தானே என்றும் நினைத்தார்.

வேலையில் அவர் கை தளர்ந்தது. பத்தவைத்த இடத்தைத் தானே சுத்தியலால் தட்டுவார். திரும்பத் தட்டுவார். கிளம்பிப் போய்ப் பாதி வழியில் திரும்பி வந்து இன்னொரு முறை தட்டுவார். மனுஷர் கை வைத்துச் சாய்கிற எதையும் செய்ய மறுத்தார். பால்கனிக் கம்பியா, முடியாது. மாடிப்படியா, வேறு ஆளைப் பாருங்கள். ஜன்னல் கிரில், செடித் தொட்டிக்கு ஸ்டாண்ட், குப்பைத் தொட்டி மூடி, இவ்வளவுதான். பெரிய வேலைகளெல்லாம் அடுத்த தெருப் பட்டறைக்குப் போயின. ‘பத்தவெப்பு இப்போ பாத்திரக் கடை வெச்சிருக்காரு’ என்று தெரு சிரித்தது.

ஒரு மழைக்காலம் முழுக்க இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியவர் வழக்கம்போலத் தார்ப்பாய் இருந்த பக்கம் போய் நின்றார். அவர் மனைவி பின்னாலேயே வந்தாள்.

“என்னங்க, ஒண்ணு அதைத் திறந்து பாருங்க. இல்ல பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிப் போடச் சொல்லுங்க. தினமும் இதைச் சுத்திச் சுத்தி வர்றீங்க.”

“பாத்தா?”

“பாத்தா தெரியும். இப்ப தெரியாமயே தினமும் சாகறீங்களே?”

அவள் போனதும் தார்ப்பாயை இழுத்தார். உள்ளே தேங்கியிருந்த மழைத்தண்ணீர் காலில் கொட்டியது. எஞ்சின் அப்படியே இருந்தது. ஒரு துடுப்புகூட ஒடியவில்லை. முன்பக்கம் மட்டும் கழுத்தோடு திரும்பிக் கிடந்தது. அவர் மண்டியிட்டு, உடைந்த முகத்தைக் கந்தல் துணியால் துடைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

மழைத் துரு எங்கும் லேசாகப் படர்ந்திருந்தது. அதைத் தேய்த்தால் பெரும்பகுதி சாம்பல் வெளுப்பாக வந்தது. ஓர் ஓரத்தில் மட்டும், பிறை வடிவத்தில், என்ன தேய்த்தும் வெளுக்காத கறுப்பு. நாள்பட்ட விரிசல். அவர் போட்ட வெல்டிங்கின் விளிம்பை ஒட்டியே அது ஓடியிருந்தது. நடுக்கம் அதைத் தினம் தினம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது.

சரி, நான்தான் என்று சொல்லிக்கொண்டார். எழப் போனவரின் விரலில் ஏதோ வழுவழுவென்று தட்டுப்பட்டது. கறுப்பு பெயின்ட் அந்த இடத்தில் தடித்திருந்தது. அவர் அடித்தது ஸ்பிரே. இதிலோ பிரஷ் மயிரின் கோடுகள். நகத்தால் கீறினார். உள்ளிருந்து இளஞ்சிவப்பு மாவு உதிர்ந்தது. பட்டி. பெயின்டர்கள் கார் நசுங்கலை நிரப்புவதற்குப் பூசுகிற அதே பட்டி. யாரோ விரிசலின் மேல் அதைப் பூசி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டு நிரவி, மேலே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். மிகப் பொறுமையான கை. வேனின் பம்பரில் விழுகிற கீறல்களை மறைக்கிற கை.

மாப்பிள்ளை விரிசலைப் பார்த்திருக்கிறார். பார்த்தும் சொல்லவில்லை.

முதலில் அவருக்கு வந்தது நிம்மதி. நெஞ்சிலிருந்து பாறாங்கல் உருண்டது போல ஒரு மூச்சு. அந்த மூச்சு வெளியே போய் முடிவதற்குள் வெட்கம் வந்தது. பிறகு கோபம். “அடப்பாவி மாப்ளே, ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அரை மணி நேர வேலைய்யா!” என்று உடைந்த வண்டியைப் பார்த்துக் கத்தினார். சாவு வீட்டில் அழாத மனுஷன், கையில் அந்த இளஞ்சிவப்புப் பொடியை வைத்துக்கொண்டு தலையில் அடித்து அழுதார்.

முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். செத்தவர் மேல் பழி போடுவதற்கில்லை. தங்கச்சிக்குத் தன் புருஷன் நல்லவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அவள் கூடத்து ஓரத்தில் மிஷினில் உட்கார்ந்து நீலப் பை ஒன்றுக்கு வார் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் எழப் பார்த்தாள்.

“உக்காரும்மா. வண்டியைப் பாத்துட்டேன்.”

அவள் கால் பெடலில் இருந்தது. மிஷின் ஓடவில்லை.

“என் வெல்டிங்தான் விட்டிருக்கு. வேகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. நான் போட்டது விட்டுப்போச்சு. நீ என்னைப் பாக்காம இருக்கறது நியாயம்தான்.”

அவள் ஊசியின் கீழே மாட்டியிருந்த வாரை இழுத்துப் பார்த்தாள். பிறகு, எத்தனையோ நாள் கழித்து, அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“பட்டி பாத்தியாண்ணே?”

“உனக்குத் தெரியுமா?”

“மாடியிலதான் குழைச்சாரு. வண்டி கீழ நிக்குது, மாடியில என்ன வேலைன்னு நான் சிரிச்சேன். குழைச்ச பட்டியை எடுத்துட்டுக் கீழ போனாரு. நீ அன்னிக்கு வேலைக்கு வெளிய போயிருந்த. என்னன்னு கேட்டேன். மயிரிழை மாதிரி ஒரு கோடுதான், அண்ணன்கிட்ட சொல்லிடாதேன்னாரு.”

“ஏன்? ஏன்மா சொல்லக் கூடாது?”

“சொன்னா எல்லாத்தையும் அறுத்துப் போட்டுடுவாரு, அதைக்கூடத் தாங்கிக்கலாம், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா எனக்குச் சோறு இறங்காதுன்னாரு. கொஞ்ச நாள் போகட்டும், அண்ணன் நல்ல மூட்ல இருக்கறப்ப பக்குவமா நானே சொல்லிக்கறேன்னாரு.” அவள் குரல் தழுதழுக்கவில்லை, வறண்டு போயிருந்தது. “அந்த நல்ல மூடுக்குத்தான் காத்துட்டிருந்தாரு.”

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது. அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உன் மூஞ்சியை எப்படிண்ணே பாப்பேன்? உன்மேல கோவம்னு நினைச்சியா? நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு இருந்திருப்பாரு. நீ பத்தவெச்சதையே நினைச்சு நீ உருகறப்ப, வாயைத் திறந்து சொல்லிடலாம்னு தினமும் நினைப்பேன். சொன்னா அவரையும் காட்டிக்கொடுக்கணும், என்னையும் காட்டிக்கொடுக்கணும்.”

பத்தவெப்பு எதையோ சொல்ல வாயெடுத்தார். உன் மேல் தப்பில்லை என்று சொல்லலாம். அவள், உன் மேலும் இல்லை என்று திருப்பிச் சொல்லுவாள். இரண்டுமே உண்மை இல்லை என்று இருவருக்கும் தெரியும். கழற்றிக்கொண்டு வந்த கேட், தொப்பென்று போட்ட ஸ்பேனர், பேசாமல் இருந்த நாட்கள் எல்லாம் வரிசையாக அவர் கண்முன் வந்து நின்றன. இரும்பு விட்டதைவிட இது கனமாக இருந்தது. இரும்பைத் திரும்பப் பத்தவைக்கலாம். அவர் கை நீட்டி அவள் தலையைத் தொட்டார். அவள் விலகவில்லை. அழவும் இல்லை. “நாளைக்குப் பை கொடுக்கணும்ணே” என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தாள்.

மறுவாரம் அவர் அந்த வண்டியைத் துண்டு துண்டாக அறுத்தார். எஞ்சினை லேத்காரர் கேட்டார். வேறு வண்டியில் பொருத்த ஆள் இருக்கிறாராம். பத்தவெப்பு தலையாட்டி மறுத்துவிட்டு, அதைப் பழைய இரும்பு லாரியில் தானே தூக்கிப் போட்டார். நல்ல எஞ்சின் என்று லேத்காரர் அங்கலாய்த்தார். நல்ல எஞ்சின்தான்.

உண்மை வெளியே வந்தால் மனம் லேசாகும் என்பார்கள். அந்த வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கொண்டார்கள். தண்ணீர் வரவில்லை, நூல் தீர்ந்துவிட்டது, மழை வரும் போலிருக்கிறது என்று. அடுத்த கோடையில் பை வாங்கும் கம்பெனிக்கு அருகிலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டு அவள் போய்விட்டாள். மிஷினை அவர்தான் தூக்கிக்கொண்டுபோய் இறக்கினார். மாதம் ஒருமுறை வருவாள். அண்ணி சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாள்.

பத்தவெப்பு மெல்ல மெல்லப் பால்கனிக் கம்பி வேலைகளை எடுக்கத் தொடங்கினார். இப்போது வேலை முடித்துக் கொடுக்கும்போது ஒன்று சொல்லுவார்: “எங்கயாச்சும் கோடு மாதிரி தெரிஞ்சா உடனே வந்து சொல்லுங்க. திட்டுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.” பழைய ஆட்கள் நம்ப முடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

போன வாரம் ஒரு அம்மா வந்து, கம்பி ஆடுவதுபோல இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். இவர் அப்போதே கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கம்பியில் ஒன்றுமில்லை. சுவரில் சிமென்ட் கொஞ்சம் பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான். “வீணா அலைய வெச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க” என்றார்கள் அந்த அம்மா.

“ஐயோ, நீங்க சொன்னீங்களே, அதுவே போதும்மா” என்றார். அதற்கு ஏன் அவருக்குக் கண் கலங்கியது என்று அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக் குடித்துவிட்டு, பெயர்ந்த சிமென்ட்டைப் பூசிக்கொடுக்கக் கொத்தனார் ஒருவரை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.